கிருமிகளின் வெற்றியும் ஆஸ்பத்திரிகளின் பொறுப்பும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி மத்திய சுகாதார மந்திரி ஸ்ரீ ஜே. பி. நட்டா ஒரு திட்டத்தை வெளியிட்டார். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை எதிர்த்து 2025 முதல் 2029 வரை தேசம் செய்யவேண்டிய காரியங்கள் அதில் வகுக்கப்பட்டிருக்கின்றன. இது இரண்டாவது திட்டம். முதல் திட்டம் 2017-ல் வெளிவந்து 2021-ல் கெடு முடிந்தது. ஒன்று முடிந்து மற்றொன்று பிறப்பதற்கு இடையே நான்கு வருஷம் கழிந்தது. திட்டம் போடுகிறவர்களுக்கு இப்படி இளைப்பாற அவகாசம் கிடைக்கிறது. கிருமிகள் அந்த நான்கு வருஷமும் சும்மா இருக்கவில்லை.

ஆன்டிபயாடிக் என்று வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகள் ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதே விஷயம். மருந்து கெட்டுப்போய்விடவில்லை, கிருமிகள் அதற்கு ஈடுகொடுக்கத் தொடங்கிவிட்டன. நோயாளியின் உடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. மருந்து உள்ளே சென்றதும் பலவீனமானவை மடிகின்றன. அதைத் தாங்கும் தன்மையைத் தற்செயலாகப் பெற்ற சில மாத்திரம் தப்புகின்றன. போட்டியிட வேறு கிருமியில்லாத இடத்தில் அவை கட்டின்றிப் பெருகுகின்றன. அந்தத் தன்மையைத் தம் சந்ததிக்கு விட்டுச்செல்வதோடு, அண்டையிலுள்ள வேறு இனக் கிருமிகளுக்கும் வழங்கிவிடுகின்றன. இது புதிதாகத் தெரியவந்த சங்கதி அல்ல. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய பிரசங்கத்திலேயே, கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்தை உட்கொண்டால் அது மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும் என்று எச்சரித்தார்.

எச்சரிக்கையை உலகம் கேட்கவில்லை. 2019-ம் வருஷத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேராக மாண்டவர்கள் உலக முழுவதிலும் 12,70,000 பேர் என்று நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,97,000 பேர் இந்தியர்கள். இவர்களில் பிறந்த குழந்தைகளும் உண்டு. 2011 முதல் 2014 வரை டில்லியிலுள்ள மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில், தீவிர சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களைக் கவனித்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. அச்சிசுக்களின் இரத்தத்தில் அதிகமாகக் காணப்பட்ட கிருமியின் பெயர் அசினிடோபாக்டர். அக்கிருமிகளில் நூற்றுக்கு 82 பலவகை மருந்துகளுக்கும் கட்டுப்படாதவையாக இருந்தன. தாயின் மடியில் ஒரு வாரம்கூட இருந்திராத குழந்தை எந்த மருந்தைத் துஷ்பிரயோகம் செய்தது என்று கேட்கிறோம். அது படுத்திருந்த இடத்தில்தான் அந்தக் கிருமி அதனிடம் வந்து சேர்ந்தது.

இந்த ஆபத்தை முதல் முதலில் நமக்கு எடுத்துச் சொன்னபோது நம் தேசம் நடந்துகொண்ட விதத்தை இங்கே நினைவுபடுத்துவது அவசியம். 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் உடலில் புதுவிதக் கிருமி ஒன்று அகப்பட்டது. அவர் இந்திய வம்சத்தவர். டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். வேறு மருந்துகள் பலிக்காத நிலையில் வைத்தியர்கள் கையிலெடுக்கும் கார்பாபெனம் என்ற மருந்து வகையையே சிதைத்துவிடும் ஒரு நொதியை அக்கிருமி உண்டாக்கியது. கண்டுபிடித்தவர்கள் அந்த நொதிக்கு ‘நியூ டெல்லி’ என்ற பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட் என்ற பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையின் தொற்றுநோய்ப் பதிப்பு, அது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை வெளியிட்டது. சென்னையில் மாத்திரம் 44 மாதிரிகளில் அது இருந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னை சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர்.

உடனே டில்லியில் பெரும் கூக்குரல் எழுந்தது. நம் தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைப்பதாவது! வெளிநாட்டு நோயாளிகள் இந்தியாவுக்கு வருவதைத் தடுக்க அந்நியக் கம்பெனிகள் செய்த சதி இது என்று பார்லிமெண்டிலேயே பேசப்பட்டது. பெயர் வைத்தது தவறுதான். ஒரு தேசத்தின் தலைநகரை நோயோடு முடிச்சுப்போடுவது எந்த விஞ்ஞானத்துக்கும் தேவையில்லை. லான்செட் ஆசிரியரே 2011 ஜனவரியில் அதற்காக வருத்தம் தெரிவித்துவிட்டார். நம் மானம் காப்பாற்றப்பட்டது. கிருமி என்னவாயிற்று? அதே வருஷம் டில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அந்த நொதிக்குரிய மரபணு இருப்பதாக இன்னொரு ஆராய்ச்சி காட்டியது. அதையும் நம் அதிகாரிகள் மறுத்தார்கள். பெயரைப் பற்றிக் காட்டிய ரோஷத்தில் பாதியைச் சாக்கடையைப் பற்றிக் காட்டியிருந்தால் தேசத்துக்கு உபகாரமாயிருந்திருக்கும்.

அச்சமயத்தில் நிதானமாக நடந்துகொண்டவர்கள் வைத்தியர்களே என்று சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டில் பல வைத்திய சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரால் ஒரு வேலைத் திட்டத்தை வகுத்தார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் தடைசெய்யும் ஆகாயக்கோட்டை அல்ல அது. வைத்தியரே இல்லாத ஊர்கள் இந்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. அங்கே சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது என்று சட்டம் செய்தால் ஏழை மருந்தில்லாமல் சாவான். ஆகையால் உயர்தர மருந்துகளை முதலில் கட்டுப்படுத்தி, மற்றவற்றைப் படிப்படியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சர்க்காரும் ஏறக்குறைய அந்த வழியிலேயே சென்று, 2014 மார்ச் 1-ந் தேதி முதல் ‘எச்-1’ என்ற அட்டவணையை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலுள்ள மருந்தை விற்கும் கடைக்காரர், சீட்டு எழுதிய வைத்தியர் பெயரையும் நோயாளியின் பெயரையும் மருந்தின் அளவையும் தனி ரிஜிஸ்தரில் எழுதி, மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டும்.

இந்த விதி எவ்வளவு சிரத்தையுடன் அனுசரிக்கப்படுகிறது என்பதை வாசகர்கள் தத்தம் தெருமுனைக் கடையில் பார்த்து அறிந்துகொள்ளலாம். நாம் அதைப் பற்றி நீட்டப் போவதில்லை. மருந்துக்கடைக்காரரைப் பிடித்து உதைப்பது சுலபம். ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்கும் நோயாளியைக் குறைசொல்வது அதைவிடச் சுலபம். மிகவும் பலம் வாய்ந்த மருந்துகள் எங்கே, யார் கையால் செலவாகின்றன? கார்பாபெனமும் கொலிஸ்டினும் பெரும்பாலும் ஊசி வழியாக ஏற்றப்படுபவை. அவை செலவாகும் இடம் ஆஸ்பத்திரி. நோயில் நைந்தவர்கள் நெருக்கமாகப் படுத்திருப்பதும், குழாயும் ஊசியும் உடலுக்குள் கிருமி நுழைய வாசல் திறந்துவைத்திருப்பதும் அங்கேதான். கடுமையான மருந்தும் பலவீனமான உடலும் நெருக்கடியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால், அடங்காக் கிருமிக்கு அதைவிட நல்ல விளைநிலம் வேறில்லை.

இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் தன்னோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளிலிருந்து வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. நிமோனியாவையும் இரத்தத்தில் விஷத்தையும் உண்டாக்கும் கிளெப்சியெல்லா என்ற கிருமியில், 2016-ல் நூற்றுக்கு 65, கார்பாபெனம் வகையைச் சேர்ந்த இமிபெனத்துக்குக் கட்டுப்பட்டன. 2021-ல் அது 43 ஆகிவிட்டது. ஈ-கோலை என்ற கிருமியில் அதே காலத்தில் 86 என்பது 64 ஆகக் குறைந்தது. ஐந்து வருஷத்தில் இவ்வளவு. இவை பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு. சிற்றூர்களின் நிலை இதைவிடத் தேவலையாயிருக்கலாம். ஆனால் சிற்றூரில் பிழைக்க வழியில்லாதவன் கடைசியாக வந்து சேரும் இடமும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிதானே?

அங்கே மருந்து எப்படி வழங்கப்படுகிறது? 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை மத்திய சர்க்காரின் தேசிய நோய்த்தடுப்பு ஸ்தாபனம் 20 பெரிய ஆஸ்பத்திரிகளில் 9,652 நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஆன்டிபயாடிக் பெற்றுக்கொண்டிருந்தார்கள். இதுவாவது பொறுக்கக்கூடியது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெரிய நோய்தான் வரும். ஆனால் அவர்களில் 55 சதவீதம் பேருக்கு அது வந்த நோயைத் தீர்ப்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. நோய் வந்துவிடுமோ என்ற பயத்தால் கொடுக்கப்பட்டது. நோய்க்காகவே கொடுக்கப்பட்ட மற்றவர்களில், இன்ன கிருமி என்று சோதித்து அறிந்த பிறகு மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். பாக்கி 94 பேர் விஷயத்தில் மருந்து இருட்டில் எய்த அம்பு.

முதலில் அந்த 55 சதவீதத்தைப் பார்ப்போம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு வேளை மருந்து கொடுப்பது நியாயமான முறை. கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் அது உடலில் சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான சிகிச்சைகளுக்கு அந்த ஒரு வேளையே போதும். 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்வதால் லாபமில்லை. இதை அறியாத சர்ஜன் இல்லை. அறிந்தும் ஐந்து நாள், ஏழு நாள் என்று தையல் ஆறும் வரை ஏன் ஊசி போடுகிறார்? தம் கைவேலையில் அவருக்குச் சந்தேகமில்லை. வார்டின்மேல் நம்பிக்கையில்லை. ஒரு நர்ஸ் நாற்பது நோயாளிகளைக் கவனிக்கும் வார்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் இடையே அவள் கைகழுவுவாள் என்று யார் எதிர்பார்க்க முடியும்? குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். வந்தால் சோப்பு இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் அவளுக்கு நேரம் இருக்கவேண்டும். கையைக் கழுவினாலே பிரசவ ஜுரம் குறையும் என்பதை 1847-ல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் மெய்ப்பித்துக் காட்டினார். அன்று ஒரு ஆன்டிபயாடிக்கும் உலகில் இல்லை. இன்று நம்மிடம் மருந்து இருப்பதால் கைகழுவும் தொட்டிக்குப் பதிலாக அதை உபயோகிக்கிறோம். சோப்புக்கும் நர்ஸுக்கும் செலவழிக்க மறுத்த பணம் விலையுயர்ந்த ஊசியாக வேறொரு கணக்கில் செலவாகிறது. சிக்கனம் என்று இதற்கு யார் பெயரிட்டார்கள் என்று தெரியவில்லை.

இனி, அந்த ஆறு சதவீதம். வைத்தியர்கள் மீது இங்கேயும் முழுப் பழியைப் போட நாம் சம்மதியோம். இரத்தத்தையோ சளியையோ எடுத்துக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவனைப் பார்த்து, முடிவு வரட்டும் என்று எந்த டாக்டரும் காத்திருக்க முடியாது, காத்திருப்பது குற்றம். முதல் நாள் பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, சோதனை முடிவு வந்தபின் அந்த ஒரு கிருமிக்கு வேண்டிய எளிய மருந்துக்கு மாறவேண்டும். கிருமியே இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். நடப்பதென்ன? மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே இரத்தம் எடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஜில்லா ஆஸ்பத்திரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதி இருப்பதில்லை. இருந்தால் சாயங்காலத்துக்குப் பிறகு ஆளிருப்பதில்லை. முடிவு வந்து சேருவதற்குள் நோயாளி வீட்டுக்கோ மயானத்துக்கோ போயிருப்பான். தனியார் ஆஸ்பத்திரியில் சோதனைசாலை இருக்கிறது; அதற்கு நோயாளி தனியாகப் பணம் கட்டவேண்டும். கட்டமுடியாதவன் சோதனை வேண்டாமென்கிறான். அவனுக்கு உத்தேசமாக மருந்து கொடுக்கப்படுகிறது. உத்தேசம் தவறினால் அடுத்த மருந்து, அதுவும் தவறினால் அதற்கு மேலானது என்று, சோதனைக்குக் கொடுக்க மாட்டாமல் மிச்சம் பிடித்ததைப் போலப் பலமடங்கு மருந்துக்குக் கொடுத்துவிடுகிறான்.

முறைப்படி நடத்துவது எப்படி என்பது தெரியாத மர்மமல்ல. 2018-லேயே ஆராய்ச்சிக் கவுன்சில் ஆஸ்பத்திரிகளுக்கு வழிகாட்டும் விதிகளை வெளியிட்டிருக்கிறது. ஒரு தொற்றுநோய் வைத்தியர், ஒரு கிருமி சாஸ்திர நிபுணர், ஒரு மருந்தாளர் ஆகியோர் கொண்ட குழு ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கவேண்டும். குறிப்பிட்ட சில மருந்துகளை அக்குழுவின் சம்மதமின்றி எடுக்கக்கூடாது. அவசரத்தில் எடுத்தாலும், இரண்டு மூன்று நாளுக்குள் ஏன் தொடரவேண்டும் என்று காரணம் காட்டவேண்டும். 2024 ஜனவரியில் மத்திய சுகாதார சர்வீஸ் டைரக்டர் ஜெனரல் மருத்துவக் கல்லூரி வைத்தியர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்பதைச் சீட்டிலேயே குறிக்கும்படி கேட்டுக்கொண்டார். நல்ல யோசனை. ஆனால் காரணத்தைக் குறிக்காமலிருந்தால் யார் கேட்பது?

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. குழு என்று பெயருக்கு வைத்து, கிருமி சாஸ்திரம் படித்த ஓர் இளம் டாக்டரை அதற்குக் காரியதரிசியாக்கிவிட்டால் போதாது. இருபது வருஷம் கத்தி பிடித்த தலைமை சர்ஜனிடம் சென்று, ‘ஐயா, இந்த மருந்து வேண்டாம்’ என்று அவர் சொல்ல முடியுமா? நம் ஆஸ்பத்திரிகளில் படிநிலை என்பது கோவில் சம்பிரதாயத்தைவிடக் கடுமையானது. இல்லை என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்து மூலம் குழுவுக்குக் கொடுத்து, ஆஸ்பத்திரித் தலைவர் அதன் பின்னால் நிற்கவேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு இடையூறும் உண்டு. மருந்து விற்பதும் அதே ஸ்தாபனம். விற்பனை குறைய உழைக்கும் குழுவை அது எவ்வளவு உற்சாகத்தோடு வளர்க்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மருந்தைக் கட்டுப்படுத்தினால் ஏழைக்குக் கிடைக்காமல் போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஏழைக்கு இப்போது கிடைக்கிறதா? 2025-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இந்தியா உட்பட எட்டு தேசங்களில் 2019-ம் வருஷம் கார்பாபெனத்துக்கும் அடங்காத கிருமிகளால் பீடிக்கப்பட்டவர்களைக் கணக்கிட்டது. இந்தியாவில் அவர்களில் தக்க மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. தேவையில்லாத 55 பேருக்கு மருந்து தாராளமாகப் போகும் அதே நாட்டில், தேவையுள்ள நூறு பேரில் 92 பேர் அது இல்லாமல் கிடக்கிறார்கள். கண்டறியும் வசதி இல்லாததே இரண்டுக்கும் காரணம். சோதனைசாலை இல்லாத ஊரில் ஒருவனுக்கு அதிகமும் இன்னொருவனுக்குச் சூன்யமும் கிடைப்பது ஆச்சரியமல்ல.

2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய தேசங்கள், உபயோகமாகும் ஆன்டிபயாடிக்குகளில் 70 சதவீதம், ஆபத்துக் குறைந்த முதல் வரிசை மருந்துகளாக இருக்கவேண்டும் என்ற லட்சியத்தை 2030-க்கு வைத்தன. அது உலகம் முழுவதையும் சேர்த்துச் சொன்னது. மேற்படி 20 ஆஸ்பத்திரிகளில் முதல் வரிசை 38 சதவீதம். எச்சரிக்கையுடன் கையாளவேண்டிய இரண்டாம் வரிசை 57 சதவீதம். பெரிய ஆஸ்பத்திரியையும் ஊர் முழுவதையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாதுதான். ஆனாலும் தூரம் அதிகம், காலம் குறைவு.

சுகாதாரம் ராஜ்யங்களின் பொறுப்பு. டில்லியில் அச்சாகும் திட்டம் ராஜ்யங்கள் கையேற்காவிட்டால் காகிதமே. முதல் திட்டத்தின் கெடு முடிந்தபோது, தமக்கென்று ஒரு திட்டம் செய்த ராஜ்யங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேரளம் அவற்றில் முந்தியது. 2018-ல் அது தன் திட்டத்தை வெளியிட்டது. ராஜ்யத்தில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற அட்டவணையைப் பகிரங்கப்படுத்தியது. 2024-ல் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யவும் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் செய்வதை நாம் செய்ய முடியாதா?

தமிழ்நாட்டுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 1995 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் புத்தகங்களைப் புரட்டினால், எந்த ஆஸ்பத்திரி எந்த மருந்தை எவ்வளவு எடுத்தது என்பது தெரிந்துவிடும். அக்கணக்கில் கார்பாபெனத்தையும் கொலிஸ்டினையும் தனியே பிரித்து, ஆஸ்பத்திரி வாரியாக, படுக்கைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு வருஷத்துக்கொருமுறை வெளியிடட்டும். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குக் கிருமிச் சோதனை நடந்தது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடட்டும். சமமான இரண்டு ஜில்லாக்களில் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு செலவழித்தால், ஏன் என்று அந்த ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர் கேட்கலாம், பத்திரிகைகளும் கேட்கும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை; சுகாதார இலாகாவின் உத்தரவு ஒன்றே போதும். தனியார் ஆஸ்பத்திரிகளோ 1997-ம் வருஷத்துச் சட்டப்படி சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியவை. அந்தப் பதிவைப் புதுப்பிக்க வரும்போது இதே கணக்கை அவற்றிடமும் கேட்டு வாங்கலாம்.